எண்ணெய்க் கிணறு வடிவமைப்பு: எங்கே செலவைக் குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

ஆழ்கடலில் கிணறு தோண்டும்போது செலவு என்பது பெரும்பாலும் நேரம்தான். குழாய், சிமென்ட், ரசாயனம் எல்லாம் ஒரு பங்கு. பெரிய பங்கு ரிக்கின், அதாவது துளையிடும் மேடையின், நாள் வாடகைக்கும், அதைச் சுற்றி ஓடும் படகு, ஹெலிகாப்டர், ஒப்பந்தக் குழுக்களுக்கும் போகிறது. மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணற்றில் நின்ற டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கின் வாடகை 2010-இல் நாளுக்குச் சுமார் 5 லட்சம் டாலர். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 10 லட்சம். மணிக்கு 40,000 டாலருக்கு மேல் ஆகிறது.

இந்தக் கணக்கு ரிக்கில் இருக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு சோதனையைத் தவிர்த்தால் மிச்சமான மணி நேரம் அன்றைய அறிக்கையிலேயே எண்ணாக வந்துவிடும். அந்தத் தவிர்ப்பால் ஏறிய ஆபத்துக்கு அறிக்கையில் கட்டமே கிடையாது. பாதுகாப்புக்கும் செலவுக்கும் நடுவே சமநிலை காண்பது கடினமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆட்கள் பேராசைக்காரர்கள் என்பதால் அல்ல. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே யோசனையைச் சுற்றித்தான் வரும்: ஆபத்தைத் தொடும் முடிவுகளை எல்லாம் ரிக் வருவதற்கு முன்பே, ஒரு மணி நேரத் தாமதத்துக்கு ஒரு பொறியாளரின் சம்பளம் மட்டுமே செலவாகும் காலத்திலேயே, எழுதி முடித்துவிட வேண்டும். ரிக் வந்தபின் பணம் மிச்சம் பிடிக்கும் இடங்கள் வேறு. அவையும் கீழே உண்டு.

உதாரணத்துக்கு மக்கோண்டோவையே எடுத்துக்கொள்கிறேன். 2010 ஏப்ரல் 20 இரவு அந்தக் கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். 87 நாட்கள் கடலில் எண்ணெய் கொட்டியது. அபராதம், இழப்பீடு, துப்புரவு எல்லாம் சேர்ந்து, கிணற்றை நடத்திய பிபி நிறுவனத்துக்கு 6,500 கோடி டாலருக்கு மேல் போனது. விபத்து நடந்த நேரத்தில் கிணறு ஏறக்குறைய ஆறு வாரம் தாமதம், பட்ஜெட்டைவிட 5.8 கோடி டாலர் அதிகம். அதிபர் அமைத்த ஆணையம், பிபியின் சொந்த விசாரணை, நீதிமன்றம் என்று பலர் ஒவ்வொரு முடிவையும் பிரித்து எழுதிவைத்திருப்பதால் கற்றுக்கொள்ள இதைவிட விரிவான கிணறு கிடைக்காது.

படி 1: நிலத்தடி அழுத்தத்தைப் பட்டையாக வரையுங்கள்

பாறையின் நுண்துளைகளில் இருக்கும் நீர், எண்ணெய், வாயுவின் அழுத்தம் துளை அழுத்தம். பாறையையே பிளக்கத் தேவையான அழுத்தம் பிளவு அழுத்தம். கிணற்றை நிரப்பியிருக்கும் துளையிடும் சேறு, ரிக்கில் எல்லோரும் மட் என்று சொல்வது, இந்த இரண்டுக்கும் நடுவே அழுத்தம் தர வேண்டும். குறைந்தால் வாயு கிணற்றுக்குள் நுழையும். அதற்குப் பெயர் கிக். கூடினால் பாறை பிளந்து மட் அதற்குள் ஓடிவிடும். ஆழ்கடலில் இந்த இடைவெளி மிகவும் ஒடுங்கியது, ஏனென்றால் மேலே அழுத்துவதில் பெரும் பகுதி பாறை இல்லை, வெறும் தண்ணீர்.

மட்டின் எடையை ஒரு காலனுக்கு எத்தனை பவுண்டு என்று சொல்வார்கள், சுருக்கமாக பிபிஜி. அதை 0.052-ஆல் பெருக்கி, அடியில் சொன்ன செங்குத்து ஆழத்தாலும் பெருக்கினால் அழுத்தம் பிஎஸ்ஐயில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று, கிடைக்கும். இந்த ஒரு சூத்திரம் கையில் இருந்தால் கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அழுத்தத்தைக் கணிக்கப் பக்கத்துக் கிணறுகளின் பதிவுகளும், நில அதிர்வு ஆய்வில் கிடைக்கும் ஒலி வேகமும் உதவும். பலர் செய்யும் தவறு, இதிலிருந்து ஒரே ஒரு கோடு வரைந்து அதன் மேல் முழு வடிவமைப்பையும் கட்டுவது. குறைந்த மதிப்பு, நம்பும் மதிப்பு, அதிக மதிப்பு என்று மூன்று கோடுகள் வரையுங்கள். முதல் தேடல் கிணறு என்றால் பட்டை அகலமாகத்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே வயலில் பத்தாவது கிணறு என்றால் ஒடுங்கும், அப்போது செலவும் தானாகக் குறையும். புவியியல் ஆய்வுக்குச் செலவிடும் காசுதான் இந்தத் தொழிலில் மிகவும் மலிவான பாதுகாப்பு.

மக்கோண்டோவில் 2010 மார்ச் 8 அன்று 13,305 அடியில் ஒரு கிக் வந்தது. சுமார் அரை மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. துளைக்குழாய் சிக்கிக்கொண்டது, அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கவாட்டில் வேறு பாதை போட வேண்டியதாயிற்று. ஏப்ரலில் நேர் எதிரான சிக்கல்: பாறை பிளந்து மட் காணாமல் போனது. 20,200 அடிக்குத் திட்டமிட்டிருந்தவர்கள் 18,360 அடியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அது சரியான முடிவு. பின்னால் தவறாகப் போன முடிவுகளை எடுத்ததும் இதே குழுதான் என்பதை மறக்கக் கூடாது.

படி 2: கேசிங் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கிக் தாங்கும் அளவை வைத்து முடிவு செய்யுங்கள்

தோண்டத் தோண்ட எஃகுக் குழாயை இறக்கி, சுற்றிலும் சிமென்ட் ஊற்றி, அப்புறம் சின்னத் துளையாக மேலும் ஆழம் போவார்கள். அந்த எஃகுக் குழாய்தான் கேசிங். அதன் அடி முனைக்கு ஷூ என்று பெயர். ஒவ்வொரு கேசிங்கும் குழாய் விலை, சிமென்ட், சில நாள் ரிக் வாடகை என்று செலவு வைக்கும். துளையின் விட்டத்தையும் தின்னும். அதனால் 'ஒரு கேசிங்கைக் குறைக்க முடியுமா?' என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். வரட்டும், நியாயமான கேள்விதான். பதிலை எண்ணாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கு. ஷூ 8,000 அடியில். அங்கே பாறையின் வலு 15 பிபிஜி. அடுத்த பகுதி 12,000 அடி வரை, 12¼ அங்குலத் துளை, மட் 13 பிபிஜி. கிணற்றை மூடினால் மேலே தாங்கக்கூடிய அழுத்தம் 0.052 × 2 × 8,000 = 832 பிஎஸ்ஐ. அடியில் துளை அழுத்தம் 13.5 பிபிஜி என்று வைத்தால், மூடியவுடன் குழாயில் 0.052 × 0.5 × 12,000 = 312 பிஎஸ்ஐ தெரியும். மீதி 520 பிஎஸ்ஐ. உள்ளே வந்த வாயுவின் உயரத்துக்கு இவ்வளவுதான் இடம். வாயு அடிக்கு 0.1 பிஎஸ்ஐ, மட் 0.676, வித்தியாசம் 0.576. ஆக சுமார் 900 அடி உயர வாயு. அடியில் 8 அங்குல டிரில் காலரை, அதாவது துளைக்குழாயின் தடித்த அடிப்பகுதியை, சுற்றி அது ஏறக்குறைய 75 பீப்பாய். வாயு மேலேறி ஷூவை அடையும்போது விரிவதையும் சேர்த்துப் பார்த்தால் 80-ஐ ஒட்டி வரும். சிறிய எண்தான் விதி: 75.

இப்போது துளை அழுத்தத்தை அரை பிபிஜி குறைவாகக் கணித்துவிட்டீர்கள், உண்மையில் 14 என்று வையுங்கள். 624 பிஎஸ்ஐ போய்விட்டது, மீதி 208. வாயுவின் உயரம் 360 அடி. அளவு 30 பீப்பாய்.

75 பீப்பாய் வருவதற்குள் விழிப்பாக இருக்கும் எந்தக் குழுவும் கண்டுபிடித்துக் கிணற்றை மூடிவிடும். 30 என்றால் அரை தூக்கத்தில் இருக்கும் ஒருவர் போதும், தவறிவிடும். கேசிங்கைக் குறைக்கலாமா என்ற வாதம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் நடக்க வேண்டும். அதிக மதிப்புக் கோட்டிலும் உங்கள் நிறுவனம் வகுத்த குறைந்தபட்ச அளவு கிடைக்கிறதா? கிடைத்தால் தைரியமாகக் குறையுங்கள். இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது: கேசிங்கை முதன்மைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அவசரத்துக்கான லைனராக, அதாவது மேலே வரை வராமல் முந்தைய கேசிங்கிலிருந்து தொங்கும் குழாயாக, கிடங்கில் வைத்துக்கொள்வது. விட்டமும் விட்டுவைக்க வேண்டும், குழாயும் கையில் இருக்க வேண்டும். 'தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்' என்பது அவசரத் திட்டம் ஆகாது.

படி 3: குழாயின் வலுவும் எஃகின் தரமும்

உள்ளழுத்தத்தால் வெடிப்பது, வெளியழுத்தத்தால் நசுங்குவது, எடையால் இழுபட்டு அறுவது என்று மூன்று வகைத் தோல்வி உண்டு. நார்வேயின் நோர்சாக் டி-010 தரவிதி வெடிப்புக்கு 1.1 போன்ற பாதுகாப்புக் காரணிகளைச் சொல்கிறது. இந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் பாதுகாப்பு கூடும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். காரணியை விட, எந்தச் சுமையை எடுத்துக்கொண்டீர்கள் என்பதே முக்கியம். கிணறு முழுக்க வாயு நிரம்பியது, உற்பத்திக் குழாய் தலைப்பகுதியில் கசிந்தது, மட் பாதி ஓடிவிட்டுக் குழாய் உள்ளே காலியானது: இம்மாதிரி மோசமான நிலைகளுக்கு 1.1 வைத்தால் போதும். சாதாரண நிலைக்கு 1.5 வைத்தும் பயனில்லை. சுமைகளை நேர்மையாகத் தேர்ந்தெடுத்தால் தேவையில்லாத இடத்தில் தடித்த குழாய் வாங்குவது குறையும். நல்ல வடிவமைப்பு செலவைக் குறைக்கும் இடங்களில் இது ஒன்று.

எஃகின் தரம் வேறு கதை. ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் கிணற்றில், வலு அதிகம் என்று பி-110 குழாயைக் குளிர்ந்த மேல்பகுதியில் போட்டால் அது மெல்ல விரிசல்விட்டு உடையும். வலு குறைந்த எல்-80 தாங்கும். இதற்கென்றே ஐஎஸ்ஓ 15156 இருக்கிறது. கஜகஸ்தானின் கஷகான் வயலில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கிச் சில வாரங்களிலேயே நிறுத்தினார்கள். சல்பைடு விரிசலால் கரைக்கு வரும் குழாய்கள் கசிந்தன. குழாய்களை மாற்றி மறுபடி தொடங்க 2016 அக்டோபர் ஆயிற்று. அது கேசிங் இல்லை, கடலடிக் குழாய். ஆனால் வேதியியல் ஒன்றுதான்.

படி 4: ஒவ்வொரு கட்டத்துக்கும் தடுப்புப் பட்டியல்

எந்த நேரத்திலும் எண்ணெய்க்கும் வெளியுலகுக்கும் நடுவே ஒன்றையொன்று சாராத, சோதித்துப் பார்த்த இரண்டு தடுப்புகள் இருக்க வேண்டும். தோண்டும்போது மட் ஒன்று. கேசிங், சிமென்ட், பிஓபி சேர்ந்தது மற்றொன்று. பிஓபி என்பது கிணற்றின் தலையில் உட்கார்ந்திருக்கும் வெடிப்புத் தடுப்புக் கருவி. இது எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. பாடத்தில் குறைவாக இருப்பது, வேலை மாறும்போது தடுப்பும் மாறுகிறது என்பது. மட்டை எடுத்துக் கடல்நீர் நிரப்பும்போது, பிஓபியைக் கழற்றும்போது, ரிக் வேறு கிணற்றுக்கு நகரும்போது பட்டியல் என்ன ஆகிறது?

விபத்துகள் பெரும்பாலும் அந்த மாறுதலில்தான் நடக்கின்றன. 2009 ஆகஸ்ட் 21-இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே திமோர் கடலில் மொன்டாரா கிணறு பொங்கியது. 9⅝ அங்குலக் கேசிங்கின் ஷூவில் சிமென்ட் சரியில்லை. அதைச் சோதிக்கவும் இல்லை. மேலே இரண்டு மூடிகள் இருக்க வேண்டும்; ஒன்றைப் போடவே இல்லை, மற்றொன்றைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் போடவில்லை. பத்து வாரத்துக்கு மேல் ஓடியது. அசாமின் பாக்ஜான் கிணற்றில் 2020 மே 27-இல் பராமரிப்பு வேலைக்காகப் பிஓபியைக் கழற்றிய நேரத்தில் வாயு பீறிட்டது; ஜூன் 9-இல் தீப்பிடித்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்; அடக்க நவம்பர் வரை ஆனது. பாக்ஜான் கடலில் இல்லை, ஊருக்குப் பக்கத்தில் இருந்த தரைக் கிணறு. ஆந்திராவின் பாசர்லபூடியும் தரைதான்: 1995 ஜனவரியில் பற்றிய தீ 65 நாள் எரிந்தது. தரைக் கிணறு மலிவு, அதனால் ஆபத்தும் குறைவு என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.

பட்டியலை எழுதுவது எளிது. இடப்பக்கம் வேலையின் ஒவ்வொரு கட்டம். அதற்கு நேரே முதல் தடுப்பு, அதை எப்படிச் சோதித்தோம்; இரண்டாம் தடுப்பு, அதை எப்படிச் சோதித்தோம். எந்த வரியிலாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு தாள்.

படி 5: சிமென்ட்

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். கிணற்றில் கண்ணுக்குத் தெரியாத, திரும்ப எடுத்துப் பார்க்க முடியாத ஒரே பாகம் சிமென்ட்தான். அதனால்தான் சிக்கனத்தின் கை முதலில் இங்கே நீள்கிறது.

மக்கோண்டோவில் கடைசிக் கேசிங்குக்கு இரண்டு வழிகள் இருந்தன. கடலடியிலிருந்து கிணற்றின் அடி வரை ஒரே நீளக் குழாய் என்பது ஒன்று. கீழே லைனர் போட்டு, அப்புறம் மேலிருந்து இணைப்புக் குழாய் இறக்குவது மற்றொன்று. லைனர் வழியில் தடுப்புகள் கூடுதல்; செலவும் 70 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை கூடுதல். நீளக் குழாயைத் தேர்ந்தெடுத்தார்கள். அது மட்டுமே தவறு என்று சொல்ல முடியாது, மற்ற கிணறுகளிலும் பயன்படுவதுதான். நீண்ட கால நோக்கில் அதற்கென்று நன்மைகளும் உண்டு. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்ததும் அடியில் ஊற்றும் சிமென்ட்டின் மேல் விழும் பொறுப்பு கூடிவிட்டது. கூடிய பொறுப்புக்கு ஏற்றபடி சிமென்ட் வேலையில் கவனம் கூடியதா? அதுதான் இல்லை.

குழாய் துளையின் நடுவில் நிற்கச் சென்ட்ரலைசர் என்ற வளையங்கள் மாட்டுவார்கள். குழாய் ஒருபக்கம் சாய்ந்தால் ஒடுங்கிய பக்கத்தில் மட் அப்படியே தங்கிவிடும், சிமென்ட் போகாது. கணினி மாதிரி 21 வளையம் வேண்டும் என்றது. கையில் இருந்தவை 6. மேலும் 15 வரவழைத்தார்கள். வந்தவை தவறான வகை என்று நினைத்தார்கள். அவற்றை மாட்ட 10 மணி நேரம் ஆகும் என்று ஒரு மின்னஞ்சல் குறை சொன்னது. 6 வளையத்தோடு குழாய் இறங்கியது. இன்னொரு மின்னஞ்சலில், என்ன செய்வது, வேலை முடிந்தது, அநேகமாக நன்றாகவே இருக்கும் என்ற தொனியில் ஒருவர் எழுதினார். பிறகு வந்த மாதிரி அறிக்கை, 7 வளையம் என்றால் வாயு ஏறும் ஆபத்து கடுமை என்று எச்சரித்தது.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான குறுக்கீடு தேவை. பிபியின் விசாரணைப்படி வாயு குழாயின் வெளிப்புறமாக ஏறவில்லை. அடியில் ஷூ வழியாகக் குழாய்க்குள் வந்தது. அப்படியானால் 21 வளையம் போட்டிருந்தாலும் விபத்து நடந்திருக்கலாம். ஆகவே 'வளையத்தில் மிச்சம் பிடித்ததால் வெடித்தது' என்று சொல்லித்தரும் வகுப்புகள் கதையைக் குறுக்கிவிடுகின்றன. என் பார்வையில் பிழை, மாதிரி சொன்னதை மறுக்கும்போது அதற்கு ஈடாக வேறொன்றைச் செய்யாததில் இருக்கிறது. வளையம் குறைந்தால் சிமென்ட் அளவைக் கூட்டலாம், ஊற்றுவதற்கு முன் மட்டை முழுச் சுற்று ஓட்டலாம், பிறகு லாக், அதாவது கருவியை இறக்கி எடுக்கும் அளவீட்டுப் பதிவு, எடுத்துப் பார்க்கலாம். அங்கே சிமென்ட்டும் குறைவு, முழுச் சுற்றும் ஓட்டவில்லை, லாக்கும் இல்லை. பாறை மறுபடி பிளந்துவிடுமோ என்ற பயத்தால் எடையைக் குறைக்க நைட்ரஜன் கலந்த நுரை சிமென்ட் பயன்படுத்தினார்கள். அந்தக் கலவை நிலையாக நிற்கவில்லை என்று சில ஆய்வக முடிவுகள் முன்பே சொல்லியிருந்தன.

லாக் கதையைக் கவனியுங்கள். சிமென்ட் பிடித்ததா என்று ஒலி அலையால் பார்க்கும் பாண்ட் லாக் எடுக்க ஒரு குழு ரிக்குக்கு வந்திருந்தது. ஏப்ரல் 20 காலை அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊற்றும்போது மட் இழப்பு இல்லை என்பது காரணம். முன்பே வரைந்த முடிவுப் படமும் அப்படித்தான் சொன்னது. படம் கேட்ட கேள்வியே தவறு. மட் முழுதாகத் திரும்பி வந்தது என்றால் சிமென்ட் பாறைக்குள் ஓடவில்லை என்று பொருள். அது வாயுவை அடைத்துவிட்டதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

எனவே உங்கள் சிமென்ட் திட்டத்தில் மூன்று விஷயங்களை ரிக் வருவதற்கு முன்பே எழுதிவையுங்கள். ஊற்றப்போகும் அதே கலவையின் ஆய்வக முடிவு கையில் வராமல் ஊற்றக் கூடாது. மாதிரி கேட்டதைக் குறைத்தால் ஈடாக என்ன செய்வோம் என்று ஒரு வரி. லாக் எடுப்பதைத் தவிர்க்க எந்தச் சான்று போதும், எது போதாது என்று ஒரு வரி.

படி 6: சோதனையின் வெற்றி என்ன என்று முன்பே எழுதுங்கள்

கடல்நீர் நிரப்புவதற்கு முன், அடிச் சிமென்ட் தாங்குமா என்று பார்க்க உள்ளழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்ப்பது எதிர்மறை அழுத்தச் சோதனை. மக்கோண்டோவில் துளைக்குழாயில் 1,400 பிஎஸ்ஐ காட்டியது. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடம். வேறொரு குழாயில் ஓட்டம் இல்லை என்று பார்த்து, 1,400-க்கு ஏதோ ஒரு விளக்கம் கண்டுபிடித்து, சோதனை வெற்றி என்று ஒப்புக்கொண்டார்கள். இப்படிச் சோதனை செய்ய வேண்டும் என்று அப்போதைய அமெரிக்க விதி சொல்லவில்லை. எப்படிச் செய்வது, எந்த எண் வந்தால் தோல்வி என்று யாரும் தாளில் எழுதவும் இல்லை. கிணற்றைத் தற்காலிகமாக மூடும் திட்டமே கடைசி வாரத்தில் பலமுறை மாறியது.

சோதனை நடக்கும் நேரத்தில் எல்லோருக்கும் களைப்பு, அவசரம். அப்போது விளக்கம் தானாகப் பிறக்கும். எண்ணை முன்பே எழுதிவைத்திருந்தால் விளக்கத்துக்கு இடமில்லை: இத்தனை நிமிடத்துக்கு இத்தனை பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் தோல்வி, அவ்வளவுதான்.

படி 7: பிஓபியும், அதற்குப் பிறகும்

சீக்கிரம் சொல்லிவிடலாம். உங்கள் பிஓபியின் வெட்டுத் தகடு, நீங்கள் பயன்படுத்தும் குழாயில் மிகத் தடித்ததை, அந்த ஆழத்தின் அழுத்தத்தில் வெட்டும் என்பதற்கு வெட்டிப் பார்த்த சான்று வேண்டும். மக்கோண்டோவில் குழாய் வளைந்து ஓரத்தில் நின்றதால் தகடு முழுதாக வெட்டவில்லை. பிஓபியைக் கடைசித் தடுப்பாக மட்டும் எண்ணுங்கள்; 'பிஓபிதான் இருக்கிறதே' என்ற காரணத்துக்காக மேலே எதையும் தளர்த்தாதீர்கள்.

பொங்கும் கிணற்றை அடியில் போய் அடைக்கும் நிவாரணக் கிணற்றை எங்கிருந்து தோண்டுவது, கிணற்றை மேலிருந்து மூடும் கேப்பிங் கருவி எங்கே இருக்கிறது, எத்தனை நாளில் வரும் என்பதையும் வடிவமைப்பு ஆவணத்திலேயே எழுதுங்கள். இந்தக் கருவியை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. 2010 ஜூலையில் எக்ஸான்மோபில், செவ்ரான், கோனோகோபிலிப்ஸ், ஷெல் ஆகியவை கூட்டாக ஓர் அமைப்பு தொடங்கப்போவதாக அறிவித்தன. பாதுகாப்பும் கூடியது, செலவும் பங்கிடப்பட்டது.

படி 8: பணக் கணக்கை நேராகப் போடுங்கள்

மக்கோண்டோவில் தவிர்த்த பாண்ட் லாக்கின் விலை சுமார் 1,28,000 டாலர். 9 முதல் 12 மணி நேரம் எடுக்கும். 10 மணி என்று வைத்தால் ரிக் செலவு 4,17,000. மொத்தம் 5,45,000 டாலர். பிபி கடைசியில் இழந்தது 6,500 கோடி. அதாவது, லாக் எடுப்பதால் இப்படி ஒரு விபத்தின் வாய்ப்பு 1,19,000-இல் ஒரு பங்கு குறைந்தாலே அந்தச் செலவு தகும்.

இது பின்னறிவு, எல்லா விபத்தும் இவ்வளவு பெரியதாகாது என்பீர்கள். சரி, 100 கோடி டாலர் இழப்பு என்று வைத்துப் போடுங்கள். 1,800-இல் ஒரு பங்கு போதும். இப்போது கேள்வி தெளிவாகிறது: இந்த லாக் உண்மையில் அந்த ஒரு பங்கைக் குறைக்குமா? சிமென்ட் சரியாக இறுகும் முன் எடுத்தால் தவறான படம் தரும். ஷூவுக்குள் இருக்கும் சிமென்ட்டை அது பார்க்கவே பார்க்காது. எனவே சில கிணறுகளில் அந்தப் பணத்தை நல்ல எதிர்மறைச் சோதனைக்கோ, கூடுதல் சிமென்ட் அடைப்புக்கோ செலவிடுவது மேல். பாதுகாப்பு என்ற பெயரில் வரும் எல்லாச் செலவும் பாதுகாப்பு தருவதில்லை. கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும்.

பிரிட்டனில் இதற்கு ஒரு சட்டப் பழக்கம் உண்டு. 1949-இல் ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் நீதிமன்றம் வகுத்த அளவுகோல்: ஆபத்தைக் குறைக்க ஆகும் செலவு, கிடைக்கும் பலனைவிட அளவுக்கு மீறி அதிகமாக இருந்தால் மட்டுமே அதைச் செய்யாமல் விடலாம். செலவும் பலனும் சமமாக இருந்தால் பாதுகாப்புப் பக்கம்தான் சாய வேண்டும். 1988 ஜூலை 6-இல் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் இறந்த பிறகு, வடகடல் நிறுவனங்கள் இந்த வாதத்தைத் தாமே எழுத்தில் நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. 1996 முதல் கிணற்றின் வடிவமைப்பைச் சார்பில்லாத ஒருவர் பரிசோதிப்பதும் கட்டாயம்.

இழப்பையும் அதன் வாய்ப்பையும் பெருக்கிப் பார்க்கும் இந்தச் சராசரிக் கணக்குக்கு ஒரு எல்லையும் உண்டு. பிபி பெரிய நிறுவனம், பிழைத்தது. கிணற்றில் பங்கு வைத்திருந்த நிறுவனங்களில் அனடார்கோ 400 கோடி டாலர், மோயெக்ஸ் 106 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து ஒதுங்கின. ஒரே விபத்தில் மூடிவிடக்கூடிய சின்ன நிறுவனத்துக்குச் சராசரி என்ற சொல்லுக்கே பொருளில்லை. உயிர்களை இந்தக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை. அவை எல்லையாக இருக்கட்டும். எல்லைக்குள் மட்டும் டாலரைப் பேசலாம்.

அப்புறம் ஒன்று, எல்லா நிறுவனங்களும் கோட்டைவிடுவது: கூட்டுக் கணக்கு. நீளக் குழாய், 6 வளையம், குறைந்த சிமென்ட், லாக் இல்லை, சிமென்ட் அடைப்பு வைப்பதற்கு முன்பே மட்டை எடுத்துக் கடல்நீர். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் வாதாடலாம். சேர்த்துப் பார்க்க யாருக்கும் பொறுப்பு இல்லை. எனவே ஒரே பேரேட்டில், கிணற்றின் முதல் நாளிலிருந்து, திட்டத்திலிருந்து விலகிய ஒவ்வொரு முடிவையும் வரிசையாக எழுதுங்கள். ஒரே தடுப்பின் பெயர் மூன்று வரிகளில் வந்தால் வேலையை நிறுத்திக் கூட்டம் போட வேண்டும்.

படி 9: உண்மையான மிச்சம் இங்கே இருக்கிறது

பக்கத்துக் கிணறுகளின் நாள்-ஆழ வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கோடு கிடையாக ஓடும் இடங்கள், அதாவது ஆழம் கூடாமல் நாள் மட்டும் போன இடங்கள், கேசிங் இறக்குவது, சிமென்ட் இறுகக் காத்திருப்பது, பிஓபி மாட்டுவது, பழுது, வராத கருவிக்காகக் காத்திருப்பது. இதில் கடைசி இரண்டை முழுதாக ஒழிக்கலாம். தடுப்பு எதுவும் தொடப்படாது. ரிக் வருவதற்கு முன் குழு முழுவதும் ஒரு அறையில் உட்கார்ந்து கிணற்றை மணிக்கணக்காகத் தாளில் தோண்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அந்த ஒரு நாள் கூட்டத்தில் அகப்படும் காத்திருப்புகள் கூட்டத்தின் செலவைப் பலமடங்கு திருப்பித் தரும். மக்கோண்டோவில் சரியான வளையங்கள் கிடங்கில் இருந்திருந்தால் 10 மணி நேர வாதமே எழுந்திருக்காது.

ஒரே மேடையில் பல கிணறு என்றால் எல்லா மேல்பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முடித்துவிட்டு, அப்புறம் எல்லா நடுப்பகுதிகளையும் தோண்டுங்கள். கருவியையும் மட்டையும் மாற்றும் நேரம் மிச்சம். கேசிங் அளவுகளையும் கிணற்றுத் தலையையும் வயல் முழுக்க ஒரே தரமாக்கினால் விலை குறையும், தவறும் குறையும். பாறையை வெட்டும் முனையான பிட் நல்லதாக இருந்தால் அதற்கு அதிகம் கொடுங்கள். ஒரு முறை குழாயை மேலே இழுத்து இறக்குவது மிச்சமானால் பிட்டின் விலை வந்துவிடும். அழுத்த இடைவெளி ஒடுங்கிய கிணற்றில் மேலிருந்து எதிரழுத்தம் கொடுத்துத் தோண்டும் முறையின் வாடகை அதிகம்தான். ஒரு கேசிங்கையே அது மிச்சப்படுத்துமா என்று படி 2-இன் கணக்கைக் கொண்டு பாருங்கள்.

படி 10: யார் கையெழுத்துப் போடுவது

நாட்களை வைத்து அளக்கப்படும் ஒருவர், நாட்களைக் குறைக்கும் மாற்றத்துக்குத் தானே அனுமதி தரக் கூடாது. அரசு மட்டத்தில்கூட இதே சிக்கல் இருந்தது: அன்றைய அமெரிக்கக் கனிம மேலாண்மைச் சேவை, எண்ணெய் வருவாயை வசூலிப்பதும் பாதுகாப்பைக் கண்காணிப்பதுமாக இரண்டையும் செய்தது. மக்கோண்டோவுக்குப் பிறகு அதைப் பிரித்தார்கள். உங்கள் அமைப்பிலும் பிரியுங்கள். தடுப்பைத் தொடும் எந்த மாற்றமும் ரிக்கில் முடிவாகாமல், கரையில் இருக்கும், அந்தக் கிணற்றின் பட்ஜெட்டோடு தொடர்பில்லாத ஒரு பொறியாளரிடம் போக வேண்டும். அவர் இரவு இரண்டு மணிக்கும் போனை எடுப்பவராக இருக்க வேண்டும்; இல்லையென்றால் விதி ஒரே வாரத்தில் செத்துவிடும்.

ஒப்பந்தத்தையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். சீக்கிரம் முடித்தால் போனஸ் என்ற பத்தி இருந்தால், சிமென்ட் இறுகும் நேரம், அழுத்தச் சோதனை, பிஓபி சோதனை, கிக் என்று சந்தேகப்பட்டு நிறுத்திய நேரம் ஆகிய மணிகளைப் போனஸ் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். கிக் என்று நிறுத்தி, கடைசியில் ஒன்றும் இல்லை என்று ஆனாலும் அந்த மணிகள் வெளியேதான் இருக்க வேண்டும். வாடகைப் பேச்சின்போது இந்தத் திருத்தத்துக்கு ஒப்பந்தக்காரர் பெரிதாகப் பணம் கேட்பதில்லை. கையெழுத்தான பிறகு கேட்பார்.